வெள்ளீயக் கோடு

உருண்டை என்று அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தது அதன் அப்பா. பிறந்த அன்று கழுத்து எங்கே, தோள் எங்கே என்று தெரியாமல் துணிக்குள் கிடந்ததைப் பார்த்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான். மூன்று வயதில் அந்தப் பெயரே கேலி செய்வதுபோல ஆகிவிட்டது. கால்கள் குச்சியாகிவிட்டன. தட்டில் போட்டதில் பாதியை அப்படியே வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்ளும். போன வருடம் சொல்லோடு சொல் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது வேண்டியதைக் கையால் காட்டி அழுவதோடு நிறுத்திக்கொண்டது.

வீடு பட்டறைத் தெருவின் கோடியில் இருந்தது. முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் ஒரே ஒரு ஆள் நின்று சமைக்கிற அளவுக்கு இடம். தெரு முழுக்க வண்டி வேலை. டயர் கழற்றுகிறவன், கதவு ஒடுக்கு எடுக்கிறவன், பெயிண்ட் அடிக்கிறவன் என்று வரிசையாகப் போனால் ஏழாவது ஷட்டர் உருண்டையின் அப்பாவுடையது. ரேடியேட்டர் பட்டறை. லாரியிலிருந்து கழற்றி வருவதைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, காற்றடித்து, குமிழி எங்கே கிளம்புகிறது என்று பார்த்து, அந்த இடத்தை டார்ச்சால் சூடாக்கி ஈயம் வைத்து அடைப்பான். காதில் பஞ்சு வைத்ததுபோல அமைதியான ஆள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு முடித்துக்கொள்வான்.

அவனுடைய தங்கை நான்கு வருடமாக அந்த வீட்டில்தான் இருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் சரிப்படவில்லை. ஒரு பெட்டியோடு வந்தாள், அண்ணன் ஒன்றும் கேட்காமல் பெட்டியை வாங்கிப் பின்னறையில் வைத்தான். குழந்தை பிறந்த பிறகு அவளுக்கு அத்தை என்பதே பெயராகிவிட்டது. அண்ணி, அதாவது உருண்டையின் அம்மா, முதற்கொண்டு பக்கத்துப் பட்டறைக்காரர்கள் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அண்ணி ரொட்டிக் கம்பெனியில் பாக்கிங் வேலைக்கு விடியலிலேயே போய்விடுவாள். உருண்டையை எழுப்பி, பல் தேய்த்து, பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போவது அத்தை. அது தூங்குவதும் அத்தையோடுதான்.

அந்த வருடம் மழை வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சூட்டுக் காற்று தெருவின் குப்பையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கும், அங்கிருந்து இங்கேயும் தள்ளிக்கொண்டே இருந்தது. யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அப்படி ஒரு நாளில்தான் டாக்டரம்மா குழந்தையின் ரத்த ரிப்போர்ட்டோடு மூன்று பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"காரீயம் இருக்கு. இருபத்தேழு. மூணு, நாலு இருந்தாலே நாங்க விசாரிப்போம்."

"மருந்து இருக்குங்களா?" என்றாள் அண்ணி.

"இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து எழுதித் தர்றேன். ஊசி போட்டு இறக்கற அளவுக்கு இன்னும் போகலை. ஆனா ஒண்ணு, எங்கிருந்து வருதோ அதை அடைக்காம நான் என்ன எழுதினாலும் வேலை செய்யாது. வீட்ல யாராவது ஈயத்தைத் தொட்டு வேலை பண்றாங்களா?"

கேள்வி காற்றில் நிற்கக்கூட நேரமில்லை. அத்தை உடனே சொன்னாள்: "எங்க அண்ணன் ரேடியேட்டர் பத்த வைக்கிறாருங்க."

அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். அவன் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பு இருந்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டுக்குச் சட்டம் போட்டவள் அண்ணி. பட்டறைச் செருப்பு வாசலுக்கு உள்ளே வரக் கூடாது. சட்டை தெருவிலேயே கழற்றப்பட்டது. அவன் துணிக்குத் தனி வாளி, தனி சோப்பு. தலைக்குக் குளித்த பிறகுதான் குடிக்கத் தண்ணீர்கூட. அதுவும் போதாமல், "பாப்பாவைத் தொடாதீங்க, கொஞ்ச நாளைக்கு" என்றாள்.

அவன் தலையாட்டினான். உருண்டைக்கு அது எப்படிப் புரியும்? அப்பாவைக் கண்டதும் ஓடிவந்து முழங்காலைக் கட்டிக்கொள்ளும். போலீஸ் நிறுத்தி வைத்தவன்போல அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். "எடுத்துட்டுப் போம்மா, எடுத்துட்டுப் போ" என்பான். அத்தை வந்து பிரித்து எடுப்பாள். குழந்தை அவள் தோளில் கிடந்து அழும்.

பத்து நாள் அப்படி ஓடியது. பதினோராவது நாள் அவன் பட்டறை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, "தானியக் குடோன்ல மூட்டை தூக்க ஆள் கேக்கறாங்க. நாளையிலேர்ந்து அங்க போறேன்" என்றான்.

"உனக்கு இடுப்பு வலி இருக்கே அண்ணா," என்றாள் அத்தை.

"இருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. பதினெட்டு வருடமாகச் செய்த வேலை. அண்ணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தைக்கு அன்று ஒரு நிம்மதிகூட இருந்தது என்று சொன்னால் அவளைத் தப்பாக நினைக்கக் கூடாது. கண்டுபிடித்தாயிற்று, அடைத்தாயிற்று, இனி இறங்கிவிடும் என்று நம்பினாள்.

அவள் வேலை பார்த்தது மண் பரிசோதனைக் கூடத்தில். அங்கே அவளுக்குப் பொடியம்மா என்று பெயர். பையில் வரும் மண்ணையும் கசடையும் உலர்த்தி, இரும்பு உருளையில் போட்டு அரைத்து, மாவுச் சல்லடையைவிட நெருக்கமான சல்லடையில் சலித்து, அமுக்கியில் வைத்து வட்ட வட்ட வில்லையாக அடிப்பது அவள் வேலை. பார்க்க மருந்துக்கடை மாத்திரைபோல இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது வில்லை. அரைக்கிற அறையில் இருந்த காற்றிழுக்கும் விசிறி நின்று ஒரு வருடமாகியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் பொடி பறந்து எடை மாறும் என்பதால் அதையும் சாத்தியே வைத்திருப்பார்கள். மூக்கில் ஒரு துணிக்கட்டு, மேலே ஒரு அங்கி. சனிக்கிழமை அந்த அங்கியை வீட்டுக்குக் கொண்டுபோய் வீட்டுத் துணியோடு துவைப்பாள்.

வில்லைகளை வாங்கிக்கொள்கிறவர் பக்கத்து அறையில் லேசர் கருவியோடு உட்கார்ந்திருப்பவர். எந்த நேரமும் திரையில் கோடுகளையே பார்த்துக்கொண்டிருப்பதால் கோட்டு சார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. டீ குடிக்கும்போதுகூட டம்ளரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார். வில்லையைக் கருவிக்குள் வைத்து மூடினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு லேசர் அடி அதன்மேல் விழும். 'டிக்' என்று ஒரு சத்தம். குண்டூசி முனையைவிடச் சின்னதாக ஒரு பள்ளம், அங்கே ஒரு பொறி. அந்தப் பொறியின் வெளிச்சத்தைக் கருவி வாங்கிப் பிரித்துத் திரையில் கோடு கோடாக நிறுத்தும். ஒவ்வொரு உலோகத்துக்கும் அதற்கென்று இடம். அது வேறு இடத்தில் வரவே வராது. ஒரு மூட்டை மண்ணில் ஒரு சிட்டிகை கலந்திருந்தாலும் அந்த இடத்தில் ஒரு கோடு எழும்பி நிற்கும். மூன்று வருடம் பக்கத்தில் நின்று நின்று அத்தைக்கும் கோடு படிக்க வந்துவிட்டது. காரீயத்தின் இடம் நானூற்று ஐந்து புள்ளி ஏழு எட்டு. தன் பிறந்த தேதியை யோசித்துச் சொல்லும் அவளுக்கு அது யோசிக்காமல் வரும்.

ஆறு வாரம் கழித்து மறுபடி குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். முப்பத்தொன்று.

அண்ணி அந்தத் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. வீட்டுக்கு வந்ததும் குடோனிலிருந்து திரும்பிய கணவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"கையைக் காட்டுங்க."

காட்டினான். உமியும் தூசியும்தான் ஒட்டியிருந்தது.

"எனக்குத் தெரியாம பட்டறையைத் திறக்கறீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எப்படி ஏறும்? சொல்லுங்க. வானத்திலேர்ந்தா கொட்டுது?"

"நான் திறக்கலை."

"ஒரு தடவைதான் போனேன், அவசரத்துக்கு யாரோ கேட்டாங்கன்னு சொன்னாக்கூட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். உண்மையைச் சொல்லிடுங்க. என்னால நிம்மதியா இருக்க முடியலை."

அவன் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தான். "நீயே வெச்சுக்கோ" என்றான். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். குடோன் காவல்காரனோடு படுத்துக்கொள்வதாகப் பக்கத்துப் பட்டறைக்காரனிடம் சொல்லியனுப்பினான். உருண்டை வாசலில் நின்று அவன் போன திசையைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தது.

அண்ணன் பொய் சொல்கிறவன் இல்லை என்று அத்தைக்குத் தெரியும். ஏறியிருக்கிறதே, அதுவும் பொய் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு அவளால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. மறுநாள் காலையில் ஆய்வுக்கூடத்து வடிதாளை வட்டமாக வெட்டிக் கொண்டுவந்து வீடு முழுக்கத் துடைத்தாள். ஜன்னல் விளிம்பு, குழாயடி, அண்ணன் சட்டை மாட்டும் ஆணிக்குக் கீழே சுவர், வாசற்படி, பிளாஸ்டிக் குதிரை, குழந்தையின் தலையணை. ஒவ்வொரு தாளையும் தனி உறையில் போட்டு எண் எழுதினாள்.

"என்ன பொடியம்மா, வீட்டையே அரைச்சுக் கொண்டாந்துட்டீங்களா?" என்றார் கோட்டு சார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார்.

மதிய இடைவேளையில் ஒவ்வொன்றாக அடித்தார்கள். டிக். டிக். டிக். ஜன்னல் விளிம்பில் காரீயம் கொஞ்சம். குழாயடியில் இல்லை. ஆணிக்குக் கீழே துடைத்த தாளில் காரீயக் கோடு எழும்பியது. அதோடு இன்னொரு கோடும் எழும்பியது.

"இது வெள்ளீயம்," என்றார் கோட்டு சார். "பத்த வைக்கிற ஈயம்னா அது ரெண்டும் கலந்ததுதானே. காரீயமும் வெள்ளீயமும். நம்ம வாயில ரெண்டுக்கும் ஈயம்னு ஒரே பேரு. மெஷினுக்கு ரெண்டும் வேற வேற. உங்க அண்ணன் கையெழுத்து இதுதான். பழைய சங்கதி, கொஞ்சமாத்தான் இருக்கு."

அடுத்தது தலையணை.

டிக் என்றதும் காரீயக் கோடு திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. அத்தை குனிந்து பக்கத்தில் பார்த்தாள். வெள்ளீயம் நிற்க வேண்டிய இடம் தரையோடு தரையாகக் கிடந்தது.

"சார், வெள்ளீயம் எங்க?"

"இல்லை."

"தாளைத் திருப்பி அடிங்க."

திருப்பி அடித்தார். இடம் மாற்றி மாற்றி அடித்தார். காரீயம் வந்துகொண்டே இருந்தது, வெள்ளீயம் வரவில்லை. கோட்டு சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பொடியம்மா, இது உங்க அண்ணன் வேலை இல்லை. அவர்கிட்டேர்ந்து வந்திருந்தா வெள்ளீயமும் கூடவே வந்திருக்கணும். ஒண்ணை வீட்டுக்கு அனுப்பிட்டு ஒண்ணைப் பட்டறையிலயே நிறுத்தி வெச்சுக்க முடியாது."

"அப்போ எங்கிருந்து சார் வருது?"

"இருங்க. ஐந்நூறு தடவை அடிச்சுக் கூட்டிப் பார்க்கலாம். மங்கலா ஏதாவது இருந்தா தெரிய வரும்."

ஐந்நூறு டிக்குக்கும் அவள் நின்றுகொண்டே இருந்தாள். மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள். கடைசியில், இரைச்சலுக்கு நடுவே, சின்னதாக ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஒரு கோடு தலை தூக்கியது.

"ஆன்டிமனி," என்றார் கோட்டு சார். "பழைய பேட்டரித் தகடு கெட்டியா இருக்கறதுக்குச் சேர்ப்பாங்க. வீட்ல யாராவது பேட்டரி உடைக்கிற வேலைக்கு..."

அவர் கண் மேசை ஓரத்துத் தட்டுக்குப் போனது. முந்தின நாள் அவள் அடித்து வைத்த நாற்பது வில்லைகள் அங்கே வரிசையாக இருந்தன. ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த பேட்டரி உருக்குக் களத்தின் மண். எட்டு மாதமாக அந்த மண்தான் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக அவள்தான் அரைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தையும் அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு அவள் சடையை முன்னால் இழுத்துப்போட்டு, ஒரு புதுத் தாளை எடுத்து, நுனியைத் தாளுக்குள் வைத்து அழுத்தி உருவினாள். உருண்டை தூங்கும்போது அந்த நுனியைத்தான் வாயில் வைத்துக்கொள்ளும். பால்குடி மறந்த நாளிலிருந்து அதற்கு அப்படி ஒரு பழக்கம். விலக்கினால் விழித்துக்கொள்ளும் என்று யாரும் விலக்குவதில்லை.

"இதை அடிங்க சார்."

"வேண்டாம்மா."

"அடிங்க."

டிக். காரீயம், ஆன்டிமனி. வெள்ளீயம் இல்லை.

கோட்டு சார் திரையை அணைத்தார். கொஞ்சம் தாழ்ந்த குரலில், "தூசிதானே. நூறு வழியில வரும். இதை வெச்சு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார்.

"சுத்துப்பட்டு மண்ணைக் கெடுத்தது களத்துக்காரன்தான்னு இதே ரெண்டு கோட்டை வெச்சுத்தானே அடிச்சுச் சொன்னீங்க."

அவர் தாள்களை எடுத்துத் திருப்பி உறைகளில் போட்டார்.

அன்று அவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. ஆய்வுக்கூடத்துக் கத்தரிக்கோலால் சடையைக் கழுத்தோடு வெட்டி, பையில் சுற்றிக் கட்டி, கழிவுத் தொட்டியில் போட்டாள். பின்பக்கக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஈரத்தோடு நடந்து, வழியில் ஒரு புதுத் துணி வாங்கிப் பொதுக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டாள். பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கினாள். உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"என்னது இது, தலையை இப்படி வெட்டிட்டு வந்து நிக்கறே?" என்றாள் அண்ணி.

"உஷ்ணம் தாங்கலை அண்ணி."

"சொல்லியிருந்தா நானாவது சீரா வெட்டி விட்டிருப்பேனே."

அந்த வார்த்தையின் கனிவு அவளைக் குத்தியது. சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றது. பின்னறை போகும். குழந்தை போகும். இந்த வீட்டில் தான் ஒரு பாரமில்லை என்று நிமிர்ந்து நடக்க வைத்த வேலையும் போகும். வாயை மூடிக்கொண்டாள். தலையணை உறைகளை எல்லாம் உருவி ஊறப்போட்டாள். தரையை மூன்று முறை ஈரத்துணியால் துடைத்தாள். தனக்குச் சளி என்று சொல்லிக் குழந்தையை அண்ணியிடம் படுக்கச் சொன்னாள். இப்படி இரண்டு நாள். இரண்டாம் நாள் சாயங்காலம் உருண்டை அவள் மடியில் ஏறி, தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் தேடியது. இந்தப் பக்கம் தேடி, அந்தப் பக்கம் தேடி, ஒன்றும் கிடைக்காமல் அவள் முகத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியது.

மறுநாள் அவள் வேலைக்குப் போகாமல் குடோனுக்குப் போனாள்.

லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் முதுகை வளைத்துப் பலகையில் இறங்கி வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். ஆறு வாரத்தில் ஆள் இளைத்திருந்தான். மூட்டையைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தவன் அவளைக் கண்டதும் பதறி ஓடிவந்தான்.

"பாப்பாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லை. நல்லா இருக்கா. உன்கிட்டதான் பேசணும்."

சுவரோரம் கவிழ்த்துப் போட்டிருந்த தள்ளுவண்டியில் உட்கார்ந்தார்கள். அவள் கருவியின் கோடுகள் அச்சான தாளை விரித்தாள். எந்தக் கோடு எது என்று விரல் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது குரல் ஆய்வுக்கூடத்தில் பேசுகிற குரலாகவே இருந்தது. அப்படிப் பேசினால்தான் முடிவு வரை போக முடியும்.

"இது காரீயம். இது வெள்ளீயம் இருக்க வேண்டிய இடம், இல்லை பாரு. உன் வேலைன்னா இருக்கணும். இது எட்டு மாசமா நான் அரைக்கிற மண்ணுல இருக்கறது. என் தலைமுடியில இருந்தது. நான்தான் அண்ணா கொண்டாந்தேன். தினமும் நான்தான் கொண்டாந்து அவ வாயில வெச்சிருக்கேன். டாக்டர் கேட்டப்ப உன் பேரைச் சொன்னதும் நான்தான்."

அவன் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தான். காற்று அதன் மூலையைப் படபடக்க வைத்தது. பெருவிரலால் அழுத்திக்கொண்டான்.

"பத்து நாள் அது என் காலைக் கட்டினப்ப எல்லாம் கையைத் தூக்கிட்டு நின்னேன்," என்றான்.

"தெரியும்."

"உனக்குத் தெரியாது."

அவள் அழவில்லை. அழுதால் அவன் தேற்ற வேண்டி வரும், அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தாள். லாரிக்காரன் அவனைக் கூப்பிட்டான். அவன் காதில் வாங்கவில்லை. எழுந்தான், இரண்டு எட்டு நடந்தான், திரும்பி வந்தான்.

"அது வாயில வெச்சதே அவ்வளவுன்னா, எட்டு மாசமா அதுக்குள்ளயே நின்னிருக்கே நீ. உனக்கு எவ்வளவு இருக்கு?"

அவள் விழித்தாள். அந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

"பார்க்கலை," என்றாள்.

"எந்திரி."

மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உமித் தூசியோடு அப்படியே அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனான். ரத்தம் எடுக்க ஊசி ஏறும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் சாய்ந்து நின்றிருந்தவன், "இதுக்கே இப்படியா? சின்ன வயசுல தேன்கூட்டைக் கல்லால அடிச்சுட்டு நின்னவ நீ" என்றான். இருபது வருடத்துக்குப் பிறகு அவன் அவளைக் கேலி செய்தது அன்றுதான்.

வெளியே வந்ததும், "உங்க அண்ணிகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றான்.

"வேண்டாம். நான் சொல்றேன்."

அத்தை சொல்லி முடிக்கிற வரை அண்ணி கேட்டுக்கொண்டு நின்றாள். கையில் கரண்டி இருந்தது. அடுப்பை அணைத்தாள். கணவனையும் நாத்தனாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எப்ப தெரிஞ்சுது?"

"மூணு நாளாச்சு அண்ணி. நடுவுல ரெண்டு நாள் சொல்லாம இருந்துட்டேன்."

"அவரைச் சொல்றதுக்கு உனக்கு ஒரு நிமிஷம் ஆகலை. உன்னைச் சொல்லிக்க ரெண்டு நாள் வேணும்."

குரல் உயரவே இல்லை. பின்னறைக்குப் போய் அத்தையின் பாய், போர்வை, துணிப்பெட்டி மூன்றையும் கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைத்தாள். வீசவில்லை, ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக வைத்தாள். அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அத்தை கண்ணாலேயே வேண்டாம் என்றாள். குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

அவளுடைய ரத்தத்தில் நாற்பத்தாறு இருந்தது. அந்தத் தாளை அவள் ஆய்வுக்கூடத்து இயக்குநர் மேசையில் வைத்தாள். அவர் அனுதாபமாகத் தலையாட்டினார். உங்களுக்கு வேறு பகுதியில் வேலை போட்டுத் தருகிறேன், அரைக்க வேறு ஆள் பார்க்கலாம் என்றார்.

"வேற ஆளுக்கும் வீடு இருக்கும்ல சார்," என்றாள் அத்தை. "கூட்டுற அக்காவுக்கும் ரத்தம் பாருங்க. அவங்க வீட்ல ரெண்டு பிள்ளைங்க. விசிறி ஓடற வரைக்கும் அந்த அறையில யாரும் அரைக்கக் கூடாது."

"களத்து ரிப்போர்ட் மாசக் கடைசியில போகணும்மா."

கதவோரம் நின்றிருந்த கோட்டு சார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வில்லை இல்லாம என் மெஷின் எதை அடிக்கும்? நானும் மூடிட்டு உக்காந்துக்கறேன்."

ஒன்பது நாள் அந்தக் கருவி துணி போர்த்திக் கிடந்தது. கூட்டுகிறவளுக்கு இருபத்திரண்டு இருந்தது. அவள் பிள்ளைகளில் ஒன்றுக்கு ஒன்பது. பத்தாம் நாள் விசிறிக்கு ஆள் வந்தது. அரைக்கும் உருளைக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. பின்பக்கம் குளிக்க ஓர் அறை கட்டினார்கள். அங்கி கூடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார்கள். டாக்டரம்மா அனுமதிக்காததால் அத்தை மறுபடி அரைக்கப் போகவில்லை. கோட்டு சார் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கோடு படிக்க உட்கார வைத்தார்.

அண்ணன் பட்டறையைத் திறந்தான். இப்போதும் அங்கேயே குளித்து, அங்கேயே துணி மாற்றித்தான் வீட்டுக்கு வந்தான். யாரும் சொல்லாமலே. வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து தங்கை வாடகைக்கு இருந்த அறைக்கு வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவான். குழந்தைக்கு இருபத்துநான்கு, பிறகு பத்தொன்பது என்று இறங்கிய செய்தியெல்லாம் அவன் கொண்டுவந்ததுதான். அண்ணி வரவில்லை. கேட்டு அனுப்பவும் இல்லை. அத்தையும் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். அறையைக் காலையிலும் மாலையிலும் துடைப்பாள். துடைத்த தாளை வாரம் ஒருமுறை கருவியில் அடிப்பாள். ஒன்றும் வராது. அடுத்த வாரம் மறுபடி அடிப்பாள்.

நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கதவு தட்டுகிற சத்தம் கேட்டுத் திறந்தாள். அண்ணி நின்றிருந்தாள். ரொட்டிக் கம்பெனிச் சீருடை. தோளில் உருண்டை தூங்கிக்கொண்டிருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"ரெண்டாவது ஷிப்டுக்கும் கூப்பிட்டுட்டாங்க. இன்னைக்குப் பாலர் பள்ளி இல்லை. அவரு ரேடியேட்டர் மாட்டற வேலையா ஒரு லாரியோட வெளியூர் போயிருக்காரு." அத்தையின் முகத்தைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் அறையைப் பார்த்துச் சொன்னாள். "மூணரைக்கு ஒரு இடைவேளை விடுவாங்க. வந்து எடுத்துட்டுப் போய்ப் பக்கத்து வீட்ல விட்டுக்கறேன். அவங்க அதுக்குள்ள வந்துடுவாங்க."

தோளிலிருந்து பிரித்து அவள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அத்தை குழந்தையோடு அறை நடுவில் நின்றாள். கட்டில் இருந்தது, காலையில்தான் விரிப்பு மாற்றியிருந்தாள். அதில் கிடத்தப் போனாள், குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். தரையைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் துடைத்துத் துடைத்து ஒன்றுமில்லை என்று கருவி சொல்லியிருந்தது. இருந்தும் எதன்மேலும் அந்த முகத்தை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்து, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். குழந்தையின் மூச்சு அவள் கழுத்தில் சுட்டது. முதலில் தோள் மரத்தது. பிறகு முழங்கை. ஈ ஒன்று வந்து உட்கார்ந்ததைக் கையை அசைக்காமல் ஊதி விரட்டினாள்.

அண்ணி வந்தபோது மூன்றே முக்கால். கதவு சாத்தாமலே இருந்தது. உள்ளே வந்து, கட்டிலையும் கட்டிலின் கலையாத விரிப்பையும் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள்.

"அப்பயிலேர்ந்து இப்படியேவா உக்காந்திருக்கே?"

"ம்."

"கை போயிருக்குமே."

"இல்லை அண்ணி."

எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. அண்ணி குனிந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். அது தூக்கத்திலேயே முனகி, அம்மாவின் தோளில் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டது. அத்தை வெறும் கைகளை நீட்ட முடியாமல் மடியிலேயே வைத்திருந்தாள். அண்ணி வாசல் வரை போனாள். அங்கே செருப்பை மாட்டக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் ஷிப்ட் இருக்கு," என்றாள். "படுக்க வெச்சுட்டு நீயும் கொஞ்சம் படு. பன்னெண்டு மணிக்குக் கொண்டாறேன்."